காலியாக விட்ட இடம்

மருத்துவமனையின் ரத்த வங்கியில் அவளைக் "காவக்காரக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் காத்தது டேட்டாபேஸ் சர்வரை. எந்த ரத்தப் பை யாருக்கு என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

யாராவது கேட்டால் ஆசையாக விளக்குவாள். "நாம கேக்குறதப் புரிஞ்சு, எந்த வழியில தேடலாம்னு முடிவு பண்ண ஒரு பகுதி. ஒரே பையை ரெண்டு பேர் எடுக்காம பூட்டுப் போட ஒண்ணு. கையில வச்சு வேலை பாக்க மெமரி. நிரந்தரமா வைக்க டிஸ்க்ல பெரிய கோப்பு. அதுக்கெல்லாம் முன்னாடி, நடந்தத வரிசையா எழுதுற லாக் கோப்பு. அதுல ஏறினாத்தான் 'பதிஞ்சாச்சு'ன்னே சர்வர் சொல்லும்."

அதே டிஸ்கில், வெறும் பூஜ்யங்களை நிரப்பிய ஒரு வெற்றுக் கோப்பையும் போட்டு இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். வீட்டிலும் அப்படித்தான். நடையில் ஒரு செருப்பைக்கூட விடமாட்டாள்.

"வீடே தீப்பெட்டி. அதுல உனக்கு மைதானம் வேற," என்று கணவர் கிண்டல் செய்வார்.

அவள் அவருடைய செருப்பையும் எடுத்து வெளியே வைப்பாள். அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, பீரோவும் பெட்டிகளுமாக அடைந்துகிடந்த நடையில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாமான்களை வெளியே அள்ளிப் போடுவதற்குள் அவர் போய்விட்டார்.

ஒரு நாள் முற்பகலில் சர்வர் நின்றது. லாக் கோப்புகளின் பிரதியை வாங்கிக்கொள்ளும் கணினி முந்தின நாளே பழுதாகியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவள் அவள்தான். அனுப்ப வழியில்லாமல் லாக் குவிந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து, குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அரிய ரத்தப் பிரிவு. எந்தப் பை அவளுக்குப் பொருந்தும் என்ற சோதனை முடிவு சர்வருக்குள் மாட்டிக்கொண்டது. மறுபடி சோதிக்க நேரமில்லை.

நிர்வாகி வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். "பழைய லாக்தானேம்மா, அழிச்சுத் தொலை!"

"வேண்டாம் சார். இப்பப் பதிஞ்சது பெரிய கோப்புக்கு இன்னும் போகல. லாக்ல மட்டும்தான் இருக்கு."

"அப்போ இடத்துக்கு எங்க போவ?"

தன் வெற்றுக் கோப்பை அழித்தாள். அது பிடித்திருந்த இடம் காலியானதும் சர்வர் எழுந்தது. லாக்கை வரிசையாகப் படித்து, முடிந்த பதிவுகளை ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்றியது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை முடிவு வந்துவிட்டது. பையை ஒதுக்கிய பதிவு மட்டும் இல்லை. வார்டு நர்ஸ் அதைப் பதிந்துகொண்டிருந்தபோதே, பாதியில் சர்வர் நின்றிருக்கிறது. பாதி வேலையை அது கணக்கில் சேர்க்காது.

அந்த நர்ஸுக்குப் போன் போட்டாள். "தங்கச்சி, பையை மறுபடி ஒதுக்கும்மா. இப்பவே!"

சாயங்காலம் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று நிர்வாகியே வந்து சொன்னார். "நல்ல வேளை, நீ இருந்த."

"நான் தள்ளிப்போட்டதாலதான் சார் நின்னுச்சு," என்றாள்.

பழுதான கணினியைச் சரிசெய்து, தேங்கிய லாக்கை அனுப்பி முடித்தாள். கிளம்பும் முன் வெற்றுக் கோப்பை மறுபடி உருவாக்கினாள். இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக.