காய் நறுக்கும் பலகையும் நான் விட்ட கப்பலும்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. இதையும் நான்கு தடவை எழுந்து நடந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். சிறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி கச்சால் தீவுக்கு வந்தார். நான் பிறந்தது அங்கேதான். அப்பா ரப்பர் பால் வெட்டினார். அண்ணன் பத்தாவது முடித்துத் தச்சு வேலைக்குப் போனார். சுனாமியில் வீடு போனது, ஆட்கள் பிழைத்தோம். தகரக் கொட்டகையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, குடும்பம் பெரிய தீவில் உள்ள சிப்பிகாட்டுக்கு மாறியது. அண்ணன் ஒரு கான்ட்ராக்டரிடம் கதவும் ஜன்னலும் செய்தார். மனிதர்கள் யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. கோணலாக அறுபட்ட பலகையை மட்டும் திட்டுவார்.

நான் ஓரிடத்தில் நிற்காதவன். டிக்லிபூர், ஹட்பே, காம்ப்பெல் பே, சென்னை, கொச்சி என்று கப்பல் ஜெட்டி வேலையும் சமையல் வேலையுமாக அலைந்தேன். அப்பா இறந்தபோது டிக்லிபூரில் இருந்தேன். அம்மா இறந்தபோது கொச்சியில். இரண்டு சாவுக்கும் நான் வந்து சேரவில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நான் வந்தபோது, சிறுநீரகம் கெட்டு அண்ணனுக்குக் கைகால் வீங்கியிருந்தது. அவர் மகள் குட்வில் எஸ்டேட்டில் தனிக்குடித்தனம் போயிருந்தாள். அவளுக்காக ஒரு காய் நறுக்கும் பலகை செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் உள்ள பட்டறையில், சிவப்புப் படாக் மரத் துண்டும் வெள்ளை மரத் துண்டும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றி ஒட்டி, கிளாம்பில் இறுக்கி வைத்திருந்தார். பசை காய்ந்துவிட்டது. ஆனால் இழைப்புளியைப் பிடிக்க அவருக்குக் கை வரவில்லை.

நான் வந்த மறுநாளே மூன்று மணிக்கு எனக்கு காம்ப்பெல் பே கப்பல். அங்கே ஒரு மேஸ்திரி எனக்கு வேலை வைத்திருந்தார். மதியத்துக்குள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அன்று காலையில் பட்டறையில் இறங்கினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொன்னார்.

இழைத்தேன். உப்புத்தாள் போட்டேன். படாக் தூள் குங்குமம் மாதிரி பலகை எங்கும் அப்பியது. அதை ஊதித்தான் எடுக்க வேண்டும். ஈரம் படக் கூடாது. அவசரத்தில் நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். வெள்ளைப் பட்டை எல்லாம் சிவந்துபோனது.

“அடேய், என்னாடா இது? வெத்தல போட்டுத் துப்புனியா?” என்று அண்ணன் சிரித்தார்.

“ஜல்தில தொடச்சிட்டேண்ணே. திரும்ப எழச்சாப் போயிருமா?”

“போகும். ஈரத்தோட எழச்சா நாரு கெளம்பிரும். காயட்டும். இந்த மழைக்கு ரெண்டு நாளாவும்.”

“மூணு மணிக்குக் கப்பல்ண்ணே.”

“நீ போ. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

டீ கிளாஸைக் கூட அவரால் பிடிக்க முடியாது. அண்ணிதான் வாயில் வைத்துக் கொடுப்பார். அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

“எத்தன வாட்டி தம்பி உள்ளயும் வெளியயும்? ஆட்டோக்காரன் கத்துறான் பாரு,” என்றார் அண்ணி.

ஆட்டோவை அனுப்பிவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் எனக்குக் கால் தரிக்கவில்லை. பட்டறையைக் கூட்டினேன். கூரை ஓட்டைக்குத் தார் வைத்தேன். பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் இழைத்து, தூளை ஊதி, அண்ணன் சொன்னபடி பட்டை ஓடும் வாக்கிலேயே எண்ணெய் தடவிக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் வீங்கிய உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“இந்த மூல கரகரங்குது. இன்னொருக்காத் தேய்,” என்றார்.

தேய்த்தேன். அன்று இரவு அவருக்கு மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலை அங்கே அண்ணனின் மூச்சு நின்றது. அவர் கை என் கையில் இருந்தது. கப்பலேறியிருந்தால் பத்து நாள் கழித்துத்தான் வந்திருப்பேன்.

அன்று இரவு அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றிய சிப்பிகாட்டு இளைஞர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவுக்கும், அபர்டீன் பஜாரில் கடையை அடைத்துவிட்டு வந்து நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேலைக்கு வரவில்லை என்று போனில் என்னைத் திட்டிய மேஸ்திரி, விஷயம் தெரிந்து கருமாதிக்கு வந்தார். அவருக்கும் நன்றி.

அண்ணன் அன்று என்னை நிஜமாகவே போகச் சொன்னாரா, நிற்கவைக்கத்தான் அப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம்தான் அண்ணியிடம் கேட்டேன்.

“போகத்தான் சொன்னாரு தம்பி. நீ போயிட்டன்னு நெனச்சுக் கண்ண மூடிக் கெடந்தாரு. பட்டறையில கூட்டுற சத்தம் கேட்டுச்சு. ‘யாரு?’ன்னாரு. ‘ஒங்க தம்பிதான்’னேன். ‘கப்பல் கேன்சலா?’ன்னாரு. ‘இல்ல’ன்னேன். ரெண்டு நாளா வேணாம் வேணாம்னவரு, சோறு கேட்டாரு.”