அப்பா கையில்

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது இதுதான். பேய் நள்ளிரவில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான்கு மணி மூன்று நிமிடத்துக்கு. கையில் காபி கூட ஆறவில்லை.

என் பெயர் ஐனார். மனிடோபாவில், ஏரிக்கரை ஊர் ஒன்றில், போர்க்கால விமானங்களை வைத்திருக்கும் கொட்டகையில் வழிகாட்டியாக இருந்தேன். எங்களிடம் 'தொடாதீர்கள்' என்ற பலகையே கிடையாது. இறக்கையைத் தட்டிப் பார்க்கலாம். புரொப்பல்லரைக் கையால் சுற்றலாம். மஞ்சள் நிறப் பயிற்சி விமானத்தில் ஏறியே உட்காரலாம். அதில் முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒன்று. இரண்டிலும் ஓட்டுகிற ஸ்டிக் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஒருவரோடொருவர் பேச ஒரு ரப்பர் குழாய்.

ஏறுகிற எல்லாருக்கும் முதலில் ஒரு சட்டம் சொல்லிக்கொடுப்பேன். ஸ்டிக்கை ஒப்படைக்கிறவர் "உன் கையில்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "என் கையில்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் காதில் விழும்வரை பிடியை விடக்கூடாது. சந்தேகம் வந்தால் "யார் கையில்?" என்று கேட்டுவிட வேண்டும். நீ பிடித்திருக்கிறாய் என்று நானும், நான் பிடித்திருக்கிறேன் என்று நீயும் நினைத்துச் செத்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

என் மகள் தோரா ஏழு வயதில் அந்த முன் இருக்கையில்தான் இதைக் கற்றாள். ஆனால் "உன் கையில்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அப்பா கையில்" என்பாள். எத்தனை திட்டியும் திருந்தவில்லை.

பத்தொன்பது வயதில் நிஜ விமானம் ஓட்டக் கற்கப் போனாள். பக்கத்து ஓடுபாதையில்தான் பயிற்சி. டிசம்பரில் ஒருமுறை இறங்கும்போது தடுமாறி, நன்றாகப் பயந்துபோனாள். அந்த வெள்ளிக்கிழமை மதியம் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு வேணாம்ப்பா. மனசே சரியில்ல."

"போடி. இன்னிக்கு விட்டா அப்புறம் என்னிக்குமே ஏற மாட்டே."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. அப்பா கை இருக்குல்ல?"

சிரித்துக்கொண்டு போனாள். நான்தான் அனுப்பினேன். வேறு யாருமில்லை, நான்தான்.

மணி 3:40. கடைசி ஆட்களும் போய்விட்டார்கள். முன் இருக்கை ஸ்டிக்குக்குப் பூட்டு மாட்டினேன். மாட்டிவிட்டால் ஆள் தொங்கினாலும் இரண்டு ஸ்டிக்கும் அசையாது. பெல்ட்டை அவிழ்த்து மடித்து வைத்தேன். வழக்கம்போல் காபியோடு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

3:58. முன்னால் ஒரு 'க்ளிக்'. எட்டிப் பார்த்தேன். பெல்ட் பூட்டியிருந்தது. காலி இருக்கைக்கு மேலே, யாரையோ இறுக்கிக் கட்டியதுபோல் விறைப்பாக நின்றது.

4:01. முன் கண்ணாடியில் மூச்சு பட்டு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. வேகமாக... ரொம்ப வேகமாக...

4:03. என் முழங்கால்களுக்கு நடுவே ஸ்டிக் நகர்ந்தது. பூட்டு மாட்டியபடியே இருந்தது. ஸ்டிக்கோடு சேர்ந்து அசைய வேண்டிய வால் அசையவில்லை. ஸ்டிக் மட்டும் முன்னால்... முன்னால்... என்னை அறியாமல் பிடித்துவிட்டேன்.

ரப்பர் குழாயில் குரல் வந்தது.

"அப்பா கையில்."

மதியம் வாசலில் கேட்ட அதே குரல். இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"என் கையில்."

அவ்வளவுதான். முழு எடையும் என் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது.

4:06. காபி கவிழ்ந்தது. குழாயில் காற்று ஊளையிட்டது.

4:08. விரல்கள் மரத்துப்போயின...

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மெக்கானிக் மார்வின் கத்தினான்.

"யோவ் ஐனார்! அங்கயே குடும்பம் நடத்தப் போறியா? இறங்குய்யா, பூட்டணும்!"

பயம். வேறு காரணமே இல்லை. மகள் குரல் என்று தெரிந்தும்... விட்டுவிட்டேன்.

எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஸ்டிக் முன்னால் போய் 'டக்'கென்று மோதியது. பெல்ட் தொங்கிப்போனது.

4:09.

4:20க்குப் போன் வந்தது. தோராவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ரஸ்ஸும் உறைந்த ஏரியில் விழுந்துவிட்டார்கள். இருவரும் இல்லை.

பனி உருகிய பிறகு விசாரணை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். வாலை அசைக்கும் கேபிள் 4:03க்கு அறுந்திருக்கிறது. அறுந்த நொடியே மூக்கு கவிழ்ந்து விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு நிமிடம் நேராகப் பறந்திருக்கிறது.

"எப்படின்னு எங்களுக்கே புரியல சார்" என்றார்.

ஓடுபாதையைத் தொட ஒன்றரை நிமிடம்தான் பாக்கி இருந்ததாம்.

பாடத்தைத் திரும்பப் பார்க்க தோரா கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த சின்னக் கேமரா பிழைத்திருந்தது. கேட்க வேண்டாம் என்று அந்த அதிகாரி கெஞ்சினார். கேட்டேன்.

"நான் பிடிக்கல. நீயா பிடிச்சிருக்கே?" இது ரஸ்.

"நானும் இல்ல. அப்பா கையில்." அவள் குரலில் கொஞ்சமும் பயமில்லை.

பிறகு வெறும் காற்று. ஆறு நிமிடம்.

"இது மட்டும் யாருன்னு தெரியல. விமானத்துல ரெண்டு பேர்தான் இருந்தாங்க" என்று அதிகாரி ஒலியைக் கூட்டினார்.

தூரத்தில் ஓர் ஆண் குரல்.

"...இறங்குய்யா, பூட்டணும்!"

உடனே தோரா.

"அப்பா...? யார் கையில்?"