சிவப்புத் தொப்பி இல்லாத ஊர்

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்த அன்று வீட்டில் யாரும் ஸ்வீட் வாங்கவில்லை. அப்பா பேப்பர் வாங்கினார். ஒன்று இல்லை, மூன்று. சென்னைச் செய்தியாகப் பொறுக்கி எடுத்து, காபி குடிக்கிற என் முகத்துக்கு நேராக நின்று படித்தார். ஓடுகிற பஸ்ஸில் பை அறுப்பு. நடந்துபோன பெண்ணிடம் செயின் பறிப்பு.

"பாத்தியா? எல்லாம் ஒரே நாள்ல."

"அது அவ்ளோ பெரிய ஊருப்பா. நம்ம ஊர்ல மட்டும் ஒண்ணும் நடக்கலயா?"

"நம்ம ஊர்ல என்னா நடக்குது?"

நிஜமாகவே தெரியாதவர்போலக் கேட்டார். நாங்கள் இருந்தது பாண்டிச்சேரியில், உப்பளம் பக்கம். சனிக்கிழமை ஆனால் வெளியூர் பைக்குகள் தள்ளாடிக்கொண்டு எங்கள் தெருவில்தான் திரும்பும். பக்கத்து வீட்டு அக்காவின் செயினை அவர்கள் வாசலிலேயே வைத்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதெல்லாம் அப்பாவுக்கு ஆபத்தில் சேராது. அது வெயில் மாதிரி, கொசு மாதிரி, ஊரோடு இருப்பது.

அமெரிக்க டாக்டர்கள் பேசுவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கிற வேலை எனக்கு. கல்லூரியில் என்னைவிட வேகமாக டைப் அடிக்க ஆள் கிடையாது, அந்தத் திமிரிலேயே இன்டர்வியூவைத் தாண்டிவிட்டேன். ஆபீஸ் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். பார்த்துவைத்த லேடீஸ் ஹாஸ்டல் சாலைக்கு அந்தப் பக்கம், பார்க் ஸ்டேஷனைத் தாண்டி. நடுவில் அந்தச் சுரங்கப்பாதை. தினமும் இரண்டு தடவை நான் அதில் இறங்கி ஏறியாக வேண்டும்.

அப்பாவுக்கு அதுதான் மாட்டிக்கொண்டது. அவருடைய ஆபீஸில் ஒருவர், அந்த சப்வேயில் ஒரு முனையில் சட்டையோடு இறங்குகிறவன் மறுமுனையில் பனியனோடுதான் ஏறுவான் என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் சென்னைக்குக் கடைசியாகப் போனது என் அம்மா கல்யாணத்துக்குப் புடவை எடுக்க.

பாரீஸிலிருந்து அத்தை பேசினாள். அப்பாவின் அக்கா, அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவோம். அன்றைக்கு நானே கேட்டேன்.

"அத்த, அங்க மெத்ரோ ரயில்ல போறதுக்குப் பயமா இல்லயா?"

"ஏன் இல்ல? ரெண்டு தபா பையப் புடுங்கிக்கினு ஓடிட்டானுங்கோ."

"பாத்தியா!" என்றார் அப்பா.

"கேட்டுக்கோடி" என்றாள் அம்மா.

"அப்புறம் என்னா பண்ண அத்த?"

"என்னா பண்றது? அடுத்த மெத்ரோவப் புடிச்சி வேலைக்குப் போனேன். இருவது வருஷமா போறேன், இவனுங்களுக்குப் பயந்து வூட்ல குந்தியா இருக்க முடியும்?"

இந்தக் கடைசி வரியை எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் அப்பா ஒரு தீர்ப்பு சொன்னார். "நானே வந்து அந்த சப்வேல நடந்து பாக்கறேன். சரின்னு பட்டா போ. படலன்னா இங்கயே பி.எட். சேரு." நான் டீச்சரா? என்னிடம் படிக்கப்போகிற பிள்ளைகளை நினைத்தாவது அந்த சப்வேயில் ஒரு தூசுகூட அவர்மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயர். உழவர்கரையில் எந்த மனைக்கு எந்த மூலையில் கல் நட்டிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். கிளம்புகிற அன்று காலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்தார். மோதிரம். கழுத்துச் சங்கிலி. கடைசியாக செல்போன்.

"போன் எதுக்குப்பா?"

"புடுங்கிடுவான்."

சட்டைப் பையின் வாயை அம்மா ஊக்கு போட்டு மூடினாள். மனிதர் சென்னைக்குப் போகிற மாதிரியே இல்லை, ஸ்கேன் எடுக்க மிஷினுக்குள்ளே போகிற மாதிரி இருந்தார்.

வாசலில் அம்மா, பழக்கதோஷத்தில் என்னிடம் எப்போதும் சொல்வதையே சொன்னாள். "கூட்டத்துல தனியா மாட்டிக்கினா அங்க இங்க ஓடாத. சிவப்புத் தொப்பிகிட்டப் போயி நில்லு."

எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். எங்கள் போலீஸ்காரர் தலையில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் உருண்டையான சிவப்புத் தொப்பி. எத்தனை கூட்டத்திலும் மேலே மிதந்துகொண்டு தெரியும். ஐந்து வயதில் மாசி மகத்துக்குக் கடற்கரையில் நான் காணாமல் போனபோது, அப்படி ஒரு தொப்பியைப் பார்த்து நடந்துபோய் அவருடைய கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேனாம். அப்பா ஓடிவந்து தூக்கியபோது நான் அழவில்லை, அவர்தான் அழுதார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

கோயம்பேட்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, சென்ட்ரல் வாசலில் இறங்கினோம். பத்தரை மணி வெயில். அப்பா சுரங்கப்பாதையின் வாயில் நின்று, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார். பிறகு திட்டத்தைச் சொன்னார்.

"நீ தனியா போற மாதிரி போ. நான் உன் அப்பன் இல்ல. பத்தடி பின்னால வரேன். எவன் உன்ன என்னா பண்றான்னு பாக்கறேன்."

"அய்யோ, ஒண்ணாவே போலாம்ப்பா."

"ஒண்ணா போனா எவன் வருவான்? அளக்க வந்தா ஒழுங்கா அளக்கணும்."

இறங்கினேன். படிக்கட்டு ஒரு தடவை திரும்பி உள்ளே போனது. ட்யூப்லைட் வெளிச்சம், ஈரத் தரை, மூத்திர நாற்றமும் மல்லிப்பூ வாசனையும் கலந்த ஒரு காற்று. இரண்டு பக்கமும் தரையில் கடை: கர்ச்சீப், சீப்பு, ரேஷன் கார்டு போட பிளாஸ்டிக் கவர், கொய்யாப்பழம். "எது எடுத்தாலும், எது எடுத்தாலும்" என்று ஒருவர் பாட்டாகவே இழுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எங்கேயோ தீப்பிடித்த மாதிரி நடந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. சும்மா சொல்லவில்லை, எங்கள் ஊர் நேரு வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைத் தரைக்கு அடியில் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது.

பாதி வழியில் ஒரு முழங்கை வந்து என் விலாவில் இடித்தது. தெரியாமல் பட்டதா, தெரிந்து பட்டதா என்பது பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலாப்பட்டு பஸ்ஸில் மூன்று வருஷம் காலேஜுக்குப் போனவள் நான். சுடிதார் துப்பட்டாவிலிருந்த ஊக்கு அதற்குள் என் விரலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது முறை இடிக்க வந்தவன் "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு ஓடினான். கொய்யாப்பழக்கார அம்மா கத்தியைத் தூக்கிக் காட்டி அவன் முதுகுக்குப் பின்னால் கத்தினாள்: "ஓட்றா, ஓட்றா! உன் மூஞ்சி எனக்குத் தெரியும்டா!" பிறகு என்னிடம், "இன்னும் ஆழமா குத்தணும் கண்ணு."

போச்சு, அப்பா பார்த்திருப்பார், பி.எட். தான் என்று நினைத்துத் திரும்பினேன். அப்பா இல்லை.

பார்க் ஸ்டேஷனில் ஒரு லோக்கல் ரயில் வந்து நின்றிருக்க வேண்டும். எதிரிலிருந்து ஒரு கூட்டம் சுரங்கத்தையே அடைத்துக்கொண்டு வந்தது. அதில் அவருடைய வழுக்கை எங்கேயும் தெரியவில்லை. பார்க் ஸ்டேஷன் பக்கம் மேலே ஏறிப் பத்து நிமிஷம் நின்றேன். வரவில்லை. போன் அடிக்கலாம் என்று எடுத்தேன். அடித்தால் உப்பளத்தில் சாமி அலமாரியில்தான் மணி கேட்கும், அம்மாதான் எடுப்பாள். "அப்பா எங்கடி?" என்பாள். அதோடு என் சென்னை முடிந்தது.

எனக்கு வேர்த்தது வேலைக்காக மட்டும் இல்லை. அவருக்கு எங்கள் ஊரில் திசை தவறவே தவறாது. தெருவெல்லாம் நேர்க்கோடு, கிழக்கே போனால் கடல். அவர் வழி சொல்வதே "கடல் பக்கமா திரும்பு, அப்புறம் கடலுக்கு முதுகக் காட்டு" என்றுதான். பூமிக்கடியில் இரண்டு திருப்பம் திரும்பிய மனிதருக்குக் கடல் எங்கே என்று யார் சொல்லுவார்கள்?

மறுபடி இறங்கி, இருபுறமும் பார்த்துக்கொண்டே நடந்து, சென்ட்ரல் பக்கம் ஏறினேன். ஒரு போலீஸ்காரர் நின்றார். காக்கித் தொப்பி.

"சார், அப்பாவக் காணோம்."

"வயசு?"

"அம்பத்தி மூணு."

நோட்டைத் திறந்தவர் மூடினார். "மறதி கிறதி இருக்காமா?"

"இல்ல சார். சர்வேயரு."

"எந்த ஊரு?"

"பாண்டிச்சேரி."

"பாண்டியா!" முகம் தெளிந்துவிட்டது. "காலையிலயேவா?"

"சார், அவரு குடிக்க மாட்டாரு சார்!"

அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "பாண்டிக்காரராம். குடிக்க மாட்டாராம்" என்று அதிசயமாகச் சொன்னார். நாங்கள் சென்னையைப் பற்றிப் பேப்பரில் படித்த மாதிரியே அவர்களும் எங்களைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறார்கள். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அந்தக் காக்கித் தொப்பியை முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் தலையில் பல்பு எரிந்தது. அப்பா இந்தத் தொப்பியிடம் வந்திருக்கவே மாட்டார். அவர் கண் சிவப்பைத் தேடியிருக்கும்.

ஸ்டேஷன் முகப்பைப் பார்த்தேன். சிவப்பு. ஒன்று, இரண்டு, ஏழெட்டு. சிவப்புச் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு. மூட்டை தூக்கும் போர்ட்டர்கள்.

ஓடினேன். அவர்கள் நடுவே, சாமான் ஏற்றும் தள்ளுவண்டியின் மேல், சாமான் மாதிரியே கைகால் சேர்த்து உட்கார்ந்திருந்தார் என் அப்பா. கையில் டீ.

"பாப்பா!" என்று எழுந்தார். டீ பாதி சட்டையில் கொட்டியது.

"எங்கப்பா போன?"

"நான் எங்கடி போனேன்? கூட்டம் தள்ளிச்சி. எங்கயோ ஏறினேன், எந்தப் பக்கம்னே தெரியல. நிமுந்து பாத்தா..." குரல் இறங்கியது. "போலீசு இல்லன்னு தெரியும். ஆனா கால் அதும்பாட்டுக்குப் போயிடுச்சி."

மீசை நரைத்த ஒரு போர்ட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானாமா அது? தனியாவா வந்த?"

"ஆமா, ஏன்?"

"உங்கப்பா வந்து நின்னாரு. லக்கேஜ் எங்க சார்னேன். லக்கேஜ் இல்ல, பொண்ணக் காணோம்னாரு. இன்னா வயசுன்னேன். இருவத்தொண்ணுன்னாரு." மீசையைத் தடவினார். "நான் வேற மாதிரி நெனச்சிக்கினேன். பெங்களூர் வண்டி கெளம்புதே, பச்ச சுடிதாரு, கூட ஒரு பையன் இருப்பான், உட்றாதீங்கடான்னு ரெண்டு பிளாட்பாரத்துக்கு ஆள் அனுப்பிச்சிக்கீறேன்."

அப்பா தரையைப் பார்த்தார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நிற்க முடியவில்லை. பிளாட்பாரத்திலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்த ஒருவர், "எஸ் எட்டுல ஒரு பச்ச கீது அண்ணே, ஆனா கூட மூணு கொழந்த!" என்றார்.

டீக்கு அவர்கள் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா சட்டைப் பை ஊக்கோடு போராடி முடிப்பதற்குள், "உடு சார், பொண்ணு கெடச்சிடுச்சில்ல" என்று பெரியவர் அடுத்த மூட்டையைத் தூக்கிவிட்டார்.

திரும்பும்போது பஸ் ஈ.சி.ஆர். வழியாக வந்தது. மகாபலிபுரம் தாண்டியது. இடதுபக்கம் கடல் தெரிந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உன்ன எவனாச்சும் ஏதாச்சும் பண்ணானா உள்ள?"

முழங்கை ஞாபகம் வந்தது. ஊக்கும், கொய்யாப்பழக் கத்தியும். சொல்லலாம்தான். ஆனால் காலாப்பட்டு பஸ்ஸில் மூன்று வருஷம் இடித்த இதே மாதிரி முழங்கைகளைப் பற்றி நான் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"நான் பாத்துக்கினேன்ப்பா" என்றேன். பொய் இல்லை.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. "ம்" என்றார்.

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "எப்பிடிங்க இருக்குது? உங்க ஆபீஸ்காரரு சொன்ன மாதிரியேவா? சட்டையில என்னா கறை?"

"டீ." அப்பா உள்ளே போய்க் கடிகாரத்தைக் கட்டினார். மோதிரத்தைப் போட்டார். "கூட்டம்தான். வேற ஒண்ணுமில்ல. அவ போட்டும்."

"போட்டுமா? அந்தக் கூட்டத்துல யாராச்சும் தொலைஞ்சி போனா?"

"தொலைஞ்சா தேடிக் கண்டுபுடிச்சிடுவா" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.

அம்மாவுக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. ஆனால் அன்று ராத்திரி என் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தது அவள்தான். ஓரத்தில் ஒரு அட்டை ஊக்கும் வைத்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெரியவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். தலையில் இரண்டு சூட்கேஸோடு, "அப்பா சௌக்கியமா கண்ணு? இந்த தபா எங்கயும் போயிடலயே?" என்று சென்ட்ரல் வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். கொய்யாப்பழ அம்மாவிடம் வாரத்துக்கு இரண்டு நாள் உப்பு மிளகாய்த்தூள் போட்டு வாங்கித் தின்றேன். இரண்டு வருஷத்தில் ஒரு தடவை என் குடை போனது, மூன்று தடவை ஊக்கு வேலை செய்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் செல்போனிலிருந்து கூப்பிடுவார். சாப்பிட்டியா என்பதெல்லாம் பிறகுதான்.

"சிவப்புச் சட்டக்காரர் எப்பிடி இருக்காரு?" என்று ஆரம்பிப்பார்.