தண்ணீர் அட்டை

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் பித்தளைத் தட்டு ஒன்று வரிசை வரிசையாக வரும். அதில் சின்னச் சின்ன வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எந்த வசனம் கைக்கு வருகிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்கென்று கொடுத்த வார்த்தை. சிலர் அதை பீரோ கண்ணாடியில் ஒட்டிவைப்பார்கள், சிலர் பைக் டேங்க் கவருக்குள் செருகுவார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று, "உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று ஒருவரையொருவர் விசாரித்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

அந்த வருஷம் எனக்கு வந்தது தண்ணீர். தண்ணீரைக் கடக்கவேண்டி வந்தால் தாம் கூடவே இருப்பதாகக் கடவுள் சொல்லும் வாக்கு. பக்கத்தில் நின்ற பெண்கள், "எவ்வளவு நல்ல வசனம் டீச்சர்" என்றார்கள். எனக்குப் பகீரென்றது. கூட இருப்பார், சரி. ஆனால் கடக்கவேண்டி வரும் என்றுதானே அதற்கு அர்த்தம்? வெள்ளம் வரப்போவதில்லை என்றால் இப்படி ஓர் அட்டையை எதற்காகக் கொடுக்க வேண்டும்?

நான் அப்படிப்பட்ட ஆள். வாரநாளில் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சபையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பயப்படக் கூடாது என்று கைதட்டிப் பாட்டோடு சொல்லிக்கொடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால், எடுப்பதற்குள் மனசுக்குள் யாரையாவது அடக்கம் பண்ணி முடித்திருப்பேன். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். மழை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான்: "ஒண்ணும் ஆகாது." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு அன்றைக்கு வந்த அட்டையில் களஞ்சியம் நிரம்பும் என்று இருந்தது. பைக் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க, உங்க கார்டை எனக்குக் குடுங்க. இதை நீங்க வச்சுக்கோங்க."

வாங்கிப் படித்தார். சிரித்தார். "கடவுள்கிட்டயே எக்ஸ்சேஞ்சா? சரி டீச்சர், கொண்டா" என்றார். என்னைக் கிண்டல் செய்யும்போது மட்டும்தான் அவருக்கு நான் டீச்சர். அட்டையைத் தன் போனின் பின்பக்கக் கவருக்குள் செருகிக்கொண்டார்.

பைக் பாதி வழி வந்திருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரை நான் அவர் தலையில் தள்ளிவிட்டேன். தினமும் மடை திறக்கவும் மோட்டார் போடவும் தண்ணீரிலேயே கிடக்கிற மனுஷன். பின்னால் உட்கார்ந்தபடியே அவர் முதுகில் தட்டினேன்.

"அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்தது குடுத்ததுதான்" என்றார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கொடுக்கவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் தண்ணி கார்டு என்று பெயர். அவர் வயலுக்குப் போய் வரத் தாமதமானால் நான் வாய்க்கால் கரைவரை போய் நிற்பேன். என்னைப் பார்த்ததும் போனைத் தூக்கிக் காட்டுவார், "கார்டு பத்திரமா இருக்கு டீச்சர்" என்று.

கோடையில் எங்கள் மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. ஒரே மகள். முன்பு ஒரு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோய், அவள் வாய்விட்டுக்கூட அழாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் இந்தத் தடவை சந்தோஷப்படக்கூட எனக்குத் தைரியம் இல்லை. மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. ஏழாம் மாதம் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

எங்கள் ஊருக்கு மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே வர வேண்டும். வருகிற சாலையின் ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் ஆழமான வாய்க்கால். அடைமழைக் காலத்தில் வாய்க்கால் நிரம்பி சாலை மேலேயே ஓடும். அது எனக்குத் தெரியாதா? அதனால் மழை வலுப்பதற்குள் மகளை மயிலாடுதுறையில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். பெட்டி கட்டியாகிவிட்டது, திங்கட்கிழமை கிளம்புவதாகக் கார்கூடச் சொல்லியாகிவிட்டது. தண்ணீரை நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

சனிக்கிழமை பிடித்த மழை ஞாயிறு முழுக்க விடவில்லை. எங்கேயோ கரை உடைந்தது. திங்கள் காலையில் வாசலில் வந்து பார்த்தால் வயலும் வாய்க்காலும் ரோடும் ஒன்றாகிக் கிடந்தன. இவர் நட்ட சம்பாப் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். நாள் குறித்துக் கொடுத்ததற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவளுக்கு வலி எடுத்திருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். மெயின் ரோடுவரை வந்துவிடுகிறோம், உள்ளே வண்டி இறங்காது என்றார்கள். நான் சமையலறைக்குள் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கடவுளிடம் சண்டை போட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. ஜனவரியிலிருந்து ஒன்றைத்தானே கேட்டேன், இந்தத் தண்ணீர் வேண்டாம் என்றுதானே கேட்டேன், அது கூடவா உம்மால் முடியவில்லை என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் டிராக்டர் இருந்தது. நாங்கள் போய்ச் சொல்வதற்கு முன்பே டிரெய்லரை மாட்டி, அதில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் மெத்தையைப் போட்டுக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நெற்றியில் திருநீறும் கையில் பிளாஸ்க்குமாக அக்காவும் ஏறிக்கொண்டார். மகளைப் படுக்கவைத்து, மழை படாமல் மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.

"ரோடு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியாது" என்றார் அண்ணன். "வாய்க்கா பக்கம் யாராவது ஓரமா முன்னால நடக்கணும். ஆளைப் பாத்து நான் ஓட்டிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டினார். ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டார். போனை என் கையில் கொடுத்து, "நனையாம வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

டிரெய்லரில் உட்கார்ந்து பார்க்கிறேன், என் மடியில் அந்தப் போன். பின்பக்கக் கவருக்குள்ளிருந்து தண்ணி கார்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த அட்டையை வேண்டாம் என்று தள்ளினேனோ, அது சுற்றிவிட்டு என்னிடமே வந்து சேர்ந்துவிட்டது.

தண்ணீர் அவருக்குத் தொடைக்கு மேல் இருந்தது. கழியால் குத்திக் குத்திப் பார்த்து நடந்தார். டிராக்டர் உறுமிக்கொண்டே பின்னால் ஊர்ந்தது. ரேஷன் கடையைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே ஓரம் அரித்துப்போயிருக்க வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் அவர் கழுத்தளவு உள்ளே போய்விட்டார். அண்ணன் பிரேக்கை மிதித்தார். கழி எதிலோ ஊன்றிக்கொண்டதால் எப்படியோ தடுமாறி மேலே ஏறி வந்தார். ஏறியதும், "ஒண்ணும் ஆகல, வாங்க" என்று கையை ஆட்டினார்.

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். யோசித்து இறங்கினேன் என்று சொன்னால் பொய். இறங்கிய பிறகுதான் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, எப்படி இழுக்கிறது என்று தெரிந்தது. புடவை காலோடு சுற்றிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"நீ எதுக்கு இறங்குற? மேல ஏறு."

"நீங்க மட்டும் போனா நான் மேல உக்காந்தே செத்துடுவேன். கையைக் குடுங்க, நடங்க."

அவர் கையைப் பிடித்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"குளிருதா?"

"இல்ல" என்றார். முன்னால் பார்த்துக்கொண்டே, அண்ணனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "பயமா இருக்கு."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பயமெல்லாம் என்னுடைய டிபார்ட்மென்ட் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனுஷன் இத்தனை காலமும் எனக்காகவா ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்? கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது தார்ப்பாய்க்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. அவளுக்கு வெளியே எதுவுமே தெரியாது. இருட்டும் மழைச் சத்தமும் வலியும்தான்.

"அம்மா, எங்கம்மா போன?"

"இங்கதான்டி இருக்கேன். அப்பாகூட முன்னால நடந்து வர்றேன்."

"பேசிட்டே வாம்மா" என்றாள். மூச்சு வாங்கி, ஒரு வலியை விழுங்கிவிட்டு மறுபடி சொன்னாள். "எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். நீ இருக்கேன்னு சத்தம் கேட்டா போதும்."

நான் பேச ஆரம்பித்தேன். டிராக்டர் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே, வகுப்பில் கத்துகிற குரலில் பேசினேன். "ரேஷன் கடை தாண்டியாச்சுடி. இதோ பால் சொசைட்டி. இருக்கேன், இங்கதான் இருக்கேன். பள்ளிக்கூடக் காம்பவுண்டு தெரியுது, உன்னை முட்டி போட வச்சேன்ல, அதே இடம். சாமி கூட இருக்கார்டி. நாங்களும் இருக்கோம். இதோ அரசமரம்." இடையிடையே அவள், "ம்" என்றாள். அந்த "ம்" வர ஒரு நொடி தாமதமானாலும் எனக்கு உயிர் போய்த் திரும்பும். வந்ததும் அடுத்த அடி வைப்பேன்.

அவள் வலியில் ஒரு துளியைக்கூட நான் வாங்கிக்கொள்ள முடியாது. அந்தத் தண்ணீரை ஒரு விரற்கடை இறக்கவும் என்னால் முடியாது. அவள் அதைக் கேட்கவும் இல்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அங்கே மல்லாந்து படுத்து அத்தனையையும் தாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கண்ணீர் பொங்கியது. அந்த அட்டையில் எழுதியிருந்ததும் இவ்வளவுதானே. தண்ணீர் வராது என்று அதில் எங்கேயும் இல்லை. நான்தான் பத்துப் பதினொரு மாதமாக அதில் இல்லாத ஒன்றைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். இருக்கிறேன் என்று எனக்கும் ஒருவர் சொல்லிக்கொண்டேதான் வந்திருக்கிறார். நான் காதைப் பொத்திக்கொண்டு கத்தியிருக்கிறேன்.

"இருக்கார், நடங்க" என்றேன் அவரிடம். அவர் கையில் நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. மெயின் ரோட்டு மேட்டில் ஏறியபோது இரண்டு கையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போல் விறைத்திருந்தன, பிரிக்கச் சிரமப்பட்டோம்.

அங்கே காத்திருந்த ஆம்புலன்ஸில் மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், மதியத்துக்குள் பேரன் பிறந்துவிட்டான். எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி ஒரு குறையும் இல்லை, தாயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார், நான் சுவரோரம் முழங்கால் போட்டேன், அண்ணன் டீ வாங்கப் போனார். என் வீட்டுக்காரர் ஈர லுங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்து அக்காவிடமிருந்து போனை வாங்கினார். மாப்பிள்ளைக்குச் செய்தி சொல்லிவிட்டு, பின்பக்கக் கவரைக் கழற்றி அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா டீச்சர். உன் கார்டு."

நான் வாங்கிக்கொண்டேன். களஞ்சியம் அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் வெட்கமாக இருந்தது. அந்த வருஷம் பாதி நெல் தண்ணீரோடு போய்விட்டது. அவரோ பேரனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இன்னமும் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் பார்க்கப் போகும்போது தனியாகப் போவதில்லை, வாய்க்குள் பேசிக்கொண்டேதான் போகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள் ஆகியிருக்கும். மத்தியான நேரம், நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கூடத்துத் தூளியில் குழந்தை பசியில் வீறிட்டான். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கலாம் என்று ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் உள்ளே நுழைவதற்குள், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"இருக்கேன்டா தங்கம். அம்மா இங்கதான் இருக்கேன்."

அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. பால் இன்னும் கிடைக்கவில்லை, அவள் இன்னும் வெளியே வரக்கூட இல்லை. தூளியை விலக்கிப் பார்த்தேன். அழுகையை நிறுத்திவிட்டு, குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் காத்திருந்தான்.