காணாமல் போன நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு கிலோ

1. போன்

காலை ஒன்பது மணி. ஜாசினில் என் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், போன் அடித்தது.

“சரோக்கா, நாலு டன்ன காணோம்.”

“எதுல காணோம்?”

“கம்ப்யூட்டர்ல.”

சிரித்துவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கல்யாண போட்டோவைக் காணோம், மகளின் அசைன்மெண்டைக் காணோம் என்று வருவார்கள். ஒருவர் திரையில் இருந்த அம்புக்குறியையே காணோம் என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு டன்னைத் தொலைத்தவர் யாரும் வந்ததில்லை.

“சிரிக்காதீங்கக்கா. தங்கராஜு அண்ணன் லோரிய நிப்பாட்டி மூணு நாளாச்சு.”

போனில் பேசியவர் குணாளன். நியாலாஸ் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் தராசுக் கிராணி, அதாவது எடை பார்க்கும் குமாஸ்தா. செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரி முதலில் தராசு மேடையில் ஏறும். அந்த எடையைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். லோரி உள்ளே போய்க் குலைகளைக் கொட்டிவிட்டு, காலியாகத் திரும்பி மறுபடி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலையின் எடை. கம்ப்யூட்டர் சீட்டு அடித்துக் கொடுக்கும். குணாளனின் வேலை நடுவில் உட்கார்ந்து என்டர் தட்டுவது. அவரைக் கேட்டால் ஆலையே அந்த என்டரில்தான் ஓடுகிறது என்பார்.

தங்கராஜு, அந்த ஆலைக்கு லோரி ஓட்டும் டிரைவர். அறுபதை நெருங்குகிறார். வெள்ளிக்கிழமை அவர் லோரியில் ஏழு டன்னுக்கு மேல் ஏற்றியதாகத் தோட்டத்து ஆபீஸ் சொன்னது. ஆலைச் சீட்டில் மூன்று டன் சொச்சம்தான் இருந்தது. மிச்சம் நாலு டன்னை வழியில் விற்றுவிட்டார் என்று ஆலை மேனேஜர் முடிவுகட்டி, லோரியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“அவரு என்ன சொல்றாரு?”

“ஒண்ணேதான் சொல்றாரு. ‘ஏறுறப்ப வெளிய போர்டுல பன்னெண்டாயிரத்து நானூத்தி எண்பது காட்டுச்சு, என் கண்ணால பாத்தேன்’னு. கம்ப்யூட்டர்ல எட்டாயிரத்து முந்நூத்தி எண்பத்தி நாலுதான் இருக்கு. நமக்கு ஒரு நாளைக்கு நாப்பது லோரிலா, எனக்கு எங்க ஞாபகம் இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நீங்க மெமரி மாத்தினதுக்கு அப்புறம்தானேக்கா இது நடந்திருக்கு.”

மீதி ஷட்டரை நான் தூக்கவே இல்லை. இறக்கிப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தேன்.

2. மூன்று பிராண்டும் ஒரு கிராணியும்

அதற்கு மூன்று வாரம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தராசுக் கம்ப்யூட்டர் சீட்டு அடிக்கத் தாமதமாகிறது, பின்னால் லோரிக்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள் என்று குணாளன் அதைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். மெமரி போதவில்லை. கூட்டினால் சரியாகிவிடும் என்றேன். எந்த பிராண்டு என்று கேட்டார்.

என் கடையில் மூன்று பிராண்டு வைத்திருக்கிறேன். பெயர் எழுத மாட்டேன். மூன்று கம்பெனியின் காலண்டரும் என் சுவரில் தொங்குகின்றன, ஒருவரையும் பகைத்துக்கொள்ள முடியாது. முதலாவது பச்சை. சட்டை எதுவும் போடாத வெறும் பலகை. ஆபீஸ் வேலைக்குப் போட்டுவிட்டால் ஐந்து வருடம் அதை மறந்துவிடலாம். ஆனால் எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்காது. இரண்டாவது சிவப்பு. மேலே தகரச் சட்டை. கொடுக்கும் காசுக்கு நியாயமான சாமான், கொஞ்சம் வேகம் கூட்டினாலும் தாங்கும். மூன்றாவது கலர் லைட் எரியும் வகை. ஓவர்கிளாக் செய்கிறவர்கள், அதாவது எழுதியிருக்கும் வேகத்தைவிட வேகமாக ஓட்டிப் பார்க்கிறவர்கள், அதைத்தான் கேட்பார்கள். விலையில் பாதி அந்த லைட்டுக்கு என்பது என் கட்சி. அதன் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகக் கண்.

தராசுக்குப் பச்சை போதும் என்றேன்.

“பச்சையா? அது ஸ்கூல்ல போடுறது லா. நான் வீடியோல எல்லாம் பாத்துட்டேன். லைட்டு பிராண்டுதான் ஸ்பீடு.”

“குணா, நீங்க என்டர் தட்டப் போறீங்க. ரேஸ் ஓட்டப் போறதில்ல.”

“லோரி நிக்குதேக்கா. எனக்குத்தான தெரியும் என் கஷ்டம்.”

லைட் பிராண்டே வாங்கினார். வேகம் மூவாயிரத்து இருநூறு என்று அதன் மேல் எழுதியிருந்தது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. மூவாயிரத்து எண்ணூறு வரை ஓடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மதர்போர்டு அதற்கு இடம் கொடுத்தது, எனக்கும் கை துறுதுறுவென்று இருந்தது. இரண்டுக்கும் இடையில் மூவாயிரத்து அறுநூறு வைத்தேன். மெமரி டெஸ்ட் இருபது நிமிடம் ஓடவிட்டேன். ஏர்கான் குளிரில் ஒரு தப்பும் வரவில்லை. “பாத்தீங்களாக்கா” என்றார் குணாளன். பார்த்தேன் என்று நானும் தலையாட்டினேன்.

3. கழித்தல்

தராசுக் கொட்டகை தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஏர்கான் இருந்தது. அதன் காற்று நேராகக் குணாளனின் முகத்தில் அடித்தது. கம்ப்யூட்டர் எங்கே என்று தேடினேன். மேசைக்கு அடியில், கதவு மூடிய மர அலமாரிக்குள் இருந்தது.

“தூசிக்காகத்தான்க்கா பூட்டி வச்சிருக்கேன்” என்றார் பெருமையாக. கதவைத் திறந்தேன். கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தது போல முகத்தில் சூடு அடித்தது. உள்ளே பாவம், அது நீலமும் சிவப்புமாய் மினுங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைப் பதிவைத் திறந்து எட்டாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலைப் பார்த்தேன். என்னமோ இடித்தது.

“குணா, இந்தத் தராசு எத்தனை கிலோ கணக்குல ஏறும்?”

“இருபது இருபதாத்தான். இருபது, நாப்பது, அறுபது.”

“அப்ப கடைசி நம்பர் எப்பவுமே சைபர்தான வரணும்?”

“ஆமா, சைபர்தான்…” என்று திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த நாலை மூன்று நாளாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரும் பார்த்தார். சீட்டை வைத்து ஒரு மனிதரைத் திருடர் என்று சொன்ன எல்லோரும் பார்த்தார்கள். நாலில் முடியும் எடையை அந்தத் தராசால் காட்டவே முடியாது.

போனில் கால்குலேட்டரை எடுத்தேன். தங்கராஜு சொன்ன பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பதில் இருந்து எட்டாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலைக் கழித்தேன். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வந்தது.

இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் அந்த எண்ணைத் தெரியும். கம்ப்யூட்டர் எண்களைச் சின்னச் சின்ன சுவிட்சுகளாக வைத்துக்கொள்கிறது. முதல் சுவிட்சுக்கு மதிப்பு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும். பதின்மூன்றாவது சுவிட்சின் மதிப்பு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. லோரி உள்ளே போய்த் திரும்பும்வரை முதல் எடை மெமரியில்தான் காத்திருந்தது. அந்த நேரத்தில், அந்தச் சூட்டில், ஒரே ஒரு சுவிட்சு தானாக அணைந்திருக்கிறது. கம்ப்யூட்டர் நின்றுபோயிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். அது நிற்கவில்லை. தப்பான எண்ணை வைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு முதலில் தோன்றியது தங்கராஜு இல்லை, என் பிழைப்பு. ஆலையின் எல்லாக் கம்ப்யூட்டரையும் நான்தான் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் விளக்க முடியாதது எல்லாவற்றுக்கும் வைரஸ் என்று பெயர். வைரஸ் என்று சொல்லிவிட்டு மெமரியை மாற்றிவிட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. குணாளனும் என் முகத்தையே பார்த்தார். அவருக்கும் அதே நினைப்புதான்.

“மேனேஜர கூப்பிடுங்க” என்றேன்.

4. அலமாரிக் கதவு

மேனேஜர் ரோஸ்லான், எல்லோரும் மரியாதையாக என்சிக் என்று கூப்பிடுகிறவர், நிதானமான மனிதர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “கம்ப்யூட்டர் மானா போலே சாலா?” என்றார். கம்ப்யூட்டர் எப்படித் தப்புப் பண்ணும் என்கிறார். குணாளனை எத்தனையோ தடவை சந்தேகப்பட்டவர், கம்ப்யூட்டரை ஒரு தடவைகூட சந்தேகப்பட்டதில்லை.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. காரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. தராசு வேலையை அதற்கு மாற்றிவிட்டு, இதை அதே அலமாரியில் வைத்து, கதவை மூடி, பென்டிரைவிலிருந்து மெமரி டெஸ்டை ஓடவிட்டேன். மணி பன்னிரண்டு. வெளியே நல்ல வெயில். முக்கால் மணி நேரத்தில் திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. எழுதியது ஒன்று, திரும்ப வாசித்தது வேறொன்று. ஒரே ஒரு சுவிட்சு வித்தியாசம். இன்னும் பத்து நிமிடத்தில் இரண்டாவது கோடு.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இங்கே எனக்கு ஓர் ஆசை வந்தது. லைட் பிராண்டின் மேல் பழியைப் போட்டுவிட வேண்டும். அதனால் வேகத்தை மட்டும் மூவாயிரத்து இருநூறுக்கு இறக்கி, அதே அலமாரியில், அதே மெமரியை மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் தப்பு வரும் என்று உள்ளூர நம்பினேன். சாயங்காலம் ஐந்து மணி வரை ஓடியது. ஒரு கோடுகூட விழவில்லை. எழுதிக்கொடுத்த வேகத்தில் அது சுத்தமாகத்தான் ஓடுகிறது. அதற்கு மேல் ஓட்டியது நான். ஓடச் சொன்னது குணாளன். அலமாரிக்குள் பூட்டியதும் அவர். கம்பெனிக்காரன் தலையில் கட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை.

“என்சிக், ஸ்பீடு வச்சது நான்தான். டெஸ்ட் பண்ணதும் ஏர்கான்ல வச்சு, இருபது நிமிசம். தப்பு என்னுது” என்று மலாயில் சொன்னேன். மேனேஜர் என்னைப் பார்க்காமல் குணாளனிடம், “தங்கராஜு சொன்ன நம்பர் என்ன?” என்று கேட்டார்.

“பன்னெண்டாயிரத்து நானூத்தி எண்பது, போஸ்.”

“அதைப் பதிவு பண்ணுங்க. அவரை நாளைக்கே வரச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் குணாளன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அக்கா, பச்சை, சிவப்பு, லைட்டு எல்லாத்தையும் விட தங்கராஜு அண்ணன் மெமரிதான் ஸ்டேபிளு.” அன்று முழுக்க அவர் சொன்னதில் சரியான வார்த்தை அது ஒன்றுதான்.

5. தங்கராஜு வீட்டில்

நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று அன்றைக்கே கிளம்பினோம். தங்கராஜுவின் வீடு சுங்கை ரம்பாய் போகும் வழியில், ஒரு மலிவு விலை வீடமைப்பில் கடைசி வரிசையில் இருந்தது. அவர் வாசலில் லோரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடாத லோரிக்கு எதற்குக் கண்ணாடி துடைக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேகம், சூடு, சுவிட்சு. அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

“அப்ப அந்த மிஷினு வேணும்னு செய்யல?”

“இல்லண்ணே. அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“நீங்க?”

“நானும் வேணும்னு செய்யலண்ணே. ஆனா செஞ்சது நான்தான். பத்திரமா இருக்கான்னு நல்லாப் பாத்திருக்கணும்.”

“சரிம்மா. நீங்க வந்து சொன்னீங்க, அது போதும்.” குணாளன் பக்கம் திரும்பினார். “குணா, நீ என்னை இருபது வருசமாப் பாக்குற. ஒரு நாளு குலை குறைஞ்சிருக்கா?”

“இல்லண்ணே.”

“மிஷினுக்கு மெமரி மாத்தி மூணு வாரந்தான் ஆச்சு. நீ அது சொன்னத நம்பிட்ட.”

குணாளன் தலைகுனிந்து நின்றார். கடைசியில் தங்கராஜுவே பாவம் பார்த்து, “உள்ள வாங்க, தே குடிச்சிட்டுப் போங்க” என்று கூப்பிட்டார்.

இளைய டெக்னீஷியன்கள் என்னிடம் எந்த பிராண்டு நல்லது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு அந்த மிஷின் எங்கே உட்காரப்போகிறது, அதை நம்பி யார் நிற்கிறார்கள் என்று கேட்கிறேன். விளையாடுகிற பையனின் கம்ப்யூட்டர் என்றால் இஷ்டம் போல ஓட்டட்டும், நின்றால் மறுபடி தட்டிக்கொள்வான். இன்னொருவரின் நல்ல பெயர் அதை நம்பி நிற்கிறது என்றால், எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல் ஓர் எண்கூட வைக்க மாட்டேன். டெஸ்டும் என் கடையில் இல்லை, அது வாழப்போகிற இடத்தில், உச்சி வெயிலில்.

போன வாரம் ஆலைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அலமாரியின் கதவைக் கழற்றியிருந்தார்கள். தங்கராஜுவின் லோரி மேடையில் ஏறி நின்றது. குணாளன் ஜன்னலைத் திறந்து எடையைச் சத்தமாக வாசித்தார். தங்கராஜு போர்டைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார், பிறகு கையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் குணாளன் என்டர் தட்டினார். பின்னால் மூன்று லோரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.