மஞ்சள் வைத்த டயர்

எங்கள் சைக்கிளின் பின்டயரில் புகை வாசம் அடிக்கும். அடுப்புப் புகை அல்ல; கித்தாப் பாலை உறையவைத்துத் தகடாக்கித் தொங்கவிட்டு, பச்சை விறகை மூட்டி நாள் கணக்கில் காயவைக்கிற 'ஸ்டோர்' புகை, புளிப்பும் கருகலும் கலந்தது, துணியில் ஏறிவிட்டால் மூன்று சலவைக்கும் போகாதது. நான் பின்சீட்டில் கால்களை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன காலத்தில், வெயில் ஏற ஏற அந்த வாசம் டயரிலிருந்து கிளம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளிப்பாள். "எங்க டயர் வாசம்" என்று நான் சொல்வேன். வெட்கப்பட்டுச் சொன்னதில்லை. அந்த ஊரில் சைக்கிளில் பள்ளிக்கூடம் வந்த பெண் நான் ஒருத்திதான்.

செடெனாக் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரப்பரை அங்கே யாரும் ரப்பர் என்று சொல்வதில்லை. மரமும் கித்தா, பாலும் கித்தா, பிழைப்பும் கித்தா. அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்காரர்களாகத்தான் கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஆபீஸில் கணக்கெழுதி, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு கிராணி விட்டுச்சென்ற சைக்கிளை அப்பா வாங்கிக்கொண்ட பிறகு, சைக்கிள் வைத்திருக்கும் ஒரே ஆள் என்பதால் ஆபீஸ் தபால் பையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், வருகிற தபாலை வாங்கிவரும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. போகிற சைக்கிளில் பின்சீட்டு சும்மாதானே போகிறது என்று அப்பா என்னை ஏற்றிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான் ஆனது இப்படி ஒரு காலி இருக்கையால்தான்.

அம்மாவுக்கு இதில் பாதிச் சம்மதம். கித்தா விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. புல்வெட்டுக்கு என் பெயரைச் சேர்த்துக்கொள்வதாக, ஆட்களை வேலை வாங்கும் தண்டல் அம்மாவிடம் சொல்லியிருந்தார். வளர்ந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, கிடைக்கிற வேலையை விடுகிறாளே என்று எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் பேசினார்கள். அம்மா ஒருநாள் வாளியைக் கழுவிக்கொண்டே அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டினாள்.

"டயரு இருக்கிற மட்டும் படிக்கட்டும். டயரு போச்சுன்னா மறுநாளே பெரட்டுக்கு வரட்டும். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

'பெரட்டு' என்பது விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதில் ஒருமுறை போய் நின்றவர்கள் திரும்பப் பள்ளிக்கூடப் பலகைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தப் பின்டயருக்கு வயதே ஆகவில்லை. மேலே இருந்த கட்டங்கள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டபோது, "வழுக்கையா இருந்தா என்ன, மனுஷன் சாவுறானா?" என்றார் அப்பா. அடியில் நூல் தெரிய ஆரம்பித்தபோது, நூல் தெரிவதுதான் டயருக்குப் பலம் என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு வேண்டியதும் அதுதானே.

பிறகு ஒருநாள், மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் 'மங்கு' ஒன்று உடைந்து 'சடக்கு' என்று நாங்கள் சொல்லும் செம்மண் பாதையில் கிடந்திருக்கிறது. அதன் சில்லு டயரின் ஓரத்தைக் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. டியூபில் ஓட்டை விழுந்தால் ஒட்டலாம். டயரே கிழிந்தால் உள்ளிருக்கும் டியூப் அந்த வழியாக வெளியே தள்ளும். ஸ்டேஷன் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கிழிசலில் விரலை வைத்து, "தா போலே லா, முடியாது தம்பி. மாத்து" என்றார்.

அப்பா கடையை விட்டு வெளியே வந்ததும் சொன்னார்: "அவன் விக்கிறவன். மாத்துன்னுதான் சொல்லுவான்."

அன்று சாயங்காலம் லயத்து வாசலில் ஒரு பெரிய யோசனை நடந்தது. ஸ்டோரில் தீ மூட்டும் வேலை பார்த்த சடையன் மாமாதான் அதைத் தொடங்கிவைத்தார்.

"ஏன் மச்சான், டயரு எதுல செய்யிறான்?"

"கித்தாவுல."

"கித்தா யாரு வெட்டுறா?"

"நாமதான்."

"அப்புறம் என்னாத்துக்கு இன்னொருத்தன்கிட்ட போய் நிக்கிற?"

உலகத்துக்கே கித்தா கொடுக்கிறவர்கள் ஒரு விரல் நீளக் கிழிசலை அடைக்க முடியாதா என்று எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ஒரு மங்கு பாலைக் கொண்டுவந்து கிழிசலில் ஊற்றினார்கள். ஆலையில் பாலை உறையவைக்கும் மருந்துத் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்தார்கள். உறைந்ததன் மேல் மறுபடி பால், மறுபடி மருந்து. அது தோசைபோல ஏறிக்கொண்டதும் சடையன் மாமா டயரைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோரில் கித்தாத் தகடுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். புகை ஏறி வெளியே வந்தபோது கிழிசல் இருந்த இடம் வெல்லப்பாகு நிறத்தில் பளபளத்தது. லயமே தொட்டுப் பார்த்தது. "சீமையிலிருந்து வர்றது எல்லாம் இது கால் தூசி பெறுமா?" என்று மாமா கேட்க, அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

சில நாள் பிரமாதமாக ஓடியது. பிறகு மழை விட்டு வெயில் பிடித்தது. சூடான சடக்கில் ஒட்டுப்போட்ட இடம் இளகிப் பிசுபிசுக்க, பொடிக்கல், காய்ந்த இலை, ஒருநாள் ஒரு கோழி இறகு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு எங்களோடு பள்ளிக்கூடம் வந்தன. ஒட்டிய கற்கள் உள்ளே இறங்கிக் கிழிசலை இன்னும் அகலமாக்கின. கித்தாவைக் கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் வெயிலைத் தாங்கும் என்பதைப் பல ஆண்டு கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். நாங்கள் கப்பலேற்றி அனுப்பியது பச்சை. டயராகத் திரும்பி வந்தது வெந்தது. இடையில் நடந்த சமையலை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

டயரின் நிலைமையை அப்பாவைவிட நான் நன்றாக அறிந்திருந்தேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டு மிதிப்பவர். நான் அந்த டயரின் மேலேயே உட்கார்ந்திருப்பவள். கிழிசல் வழியாக டியூப் பல்வலிக்காரர் கன்னம்போல வீங்கி, சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் மட்காட்டின் கம்பியில் பட்டு 'டக்' என்றது. முதலில் கவனித்தால்தான் கேட்கும். பிறகு பேசிக்கொண்டே போனாலும் கேட்டது. பிறகு ஒவ்வொரு 'டக்'கும் சீட்டின் இரும்பு வழியாக என் இடுப்புக்கே வந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு நீண்ட இறக்கம் உண்டு. இரு பக்கமும் வெட்டிய கல். அங்கே அப்பா மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளை அதன் போக்கில் விட்டுவிடுவார். ஒருநாள் அந்த வேகத்தில் டக்டக்டக் என்று அது அடித்துக்கொள்ளும்போது, நான் என் பள்ளிக்கூடத்தை மறந்து அப்பாவின் முதுகை மட்டும் பார்த்தேன். காக்கிச் சட்டைக்குள் எலும்பு தெரிகிற முதுகு. பள்ளிக்கூடம் போனால் போகட்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலுக்கும் டியூபுக்கும் நடுவே டயர் என்று ஒன்று இல்லை.

"அப்பா, டயர் போயிடுச்சு."

"மெல்லப் பேசு. அம்மா உள்ள இருக்கா."

"போயிடுச்சுப்பா. இதுல நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை. "ஏம்மா, நீ சொல்றது உனக்குப் புரியுதா?" என்று மட்டும் கேட்டார்.

புரிந்துதான் சொன்னேன். அதற்குள் அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள்.

"என்னா போச்சு?"

"டயர்ம்மா," என்றேன்.

அம்மா டயரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "சரி. நாளைக்கு மட்டும் போயி வாத்தியார்கிட்ட சொல்லிட்டு வந்துடு" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அப்பாவுக்கு அது அவமானமாக இருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும், "என்னாண்ணே, இன்னைக்குச் சைக்கிளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். இறக்கத்தின் தலையில் நின்று, "இது ஒண்ணு மட்டும் ஏறிக்கவா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஹாண்டில்பாரை விடவில்லை. "உங்கம்மாவே பரவால்ல" என்று முணுமுணுத்தபடி வந்தார். வழக்கம்போலப் பள்ளிக்கூடச் சுவரோரம் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தபால் பையோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

வாத்தியாரிடம் நான் சொல்லவில்லை. கடைசி மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வெயில் சுவருக்கு வந்து, சைக்கிளுக்கும் வந்தது. வாத்தியார் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம். அவர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. "புலியச் சுட்டுட்டாங்க" என்று பின்வரிசை மொத்தமும் வாசலுக்கு ஓடியது. எனக்கு மட்டும் என்னவென்று தெரியும். நான் எழுந்திருக்கவே இல்லை.

யாரும் ஏறாமல், யாரும் தொடாமல், சும்மா நின்ற இடத்தில் வெடித்திருந்தது. ஓரம் முழுவதும் பிளந்து, டியூப் குடல்போல வெளியே தொங்கியது. அப்பா ஸ்டேஷனிலிருந்து வந்து வெகுநேரம் அதன் முன் நின்றார். பிறகு இறக்கம் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார்.

டயரைக் கழற்றித் தோளில் மாலைபோல மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அப்போதுதான் பால்வெட்டிவிட்டு மலையிலிருந்து வந்திருந்தாள். அதை வாங்கி மடியில் போட்டு, பிளவுக்குள் நான்கு விரலையும் விட்டுப் பார்த்தாள்.

"இதுல தானா எம்புள்ளய வெச்சுக்கிட்டு இம்புட்டு நாளு போனீங்க?"

"அவதான் ஏறலையே," என்றார் அப்பா.

அம்மா டயரை மடியிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தாள். பிறகு என்னிடம், "வாத்தியார்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்லம்மா."

"சொல்லாத. நாளைக்குப் பள்ளிக்கூடம் போ."

"டயர் போச்சேம்மா."

"போச்சுன்னு சொன்னது யாரு? நீதான சொன்ன. இந்த ஆளு சொல்லல, சடையன் அண்ணன் சொல்லல. சொன்னா உனக்குத்தான் பள்ளிக்கூடம் போகும்னு தெரிஞ்சே சொன்ன. அப்படிப்பட்டவளக் கொண்டுபோயி நான் புல்லு வெட்ட விடணுமா? நடந்து போ. காலு இருக்குல்ல."

நானும் அப்பாவும் தீபாவளி வரைக்கும் நடந்தோம். இருட்டில் கிளம்பினால் மணியடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் புதுத்துணி வரவில்லை. தவுக்கே கடையிலிருந்து காகிதம் சுற்றிய பின்டயர் வந்தது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நான் நின்றபோது, புதுத்துணியின் முனையில் மஞ்சள் தொட்டு வைப்பதுபோல அம்மா அந்தக் கறுப்பு டயரின் ஓரத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். லயத்தில் எல்லாப் பிள்ளைகளும் சரசரவென்று புதுப் பாவாடை கட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் டயரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். என்னைவிட நன்றாக உடுத்தியவர்கள் அன்று யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பழைய டயரை அம்மா வீணாக்கவில்லை. கிழியாத பாகத்தை ஒரு சாண் வெட்டி, பால் வாளிகளைத் தூக்கும் 'காண்டாக் கம்பு' தோளில் அழுத்தாமல் இருக்க அடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். நான் படித்து முடிக்கும்வரை அது அவள் தோளில் இருந்தது.

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. அம்மாவும் அப்பாவும் என்னோடு இருக்கிறார்கள். காண்டாக் கம்பு தோட்டத்தோடு போயிற்று. அந்த டயர்த் துண்டும் எங்கோ போயிற்று. இறக்கத்தை வெட்டித் தணித்துத் தார் போட்டுவிட்டார்கள்; புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஓர் இறக்கம் இருந்ததே தெரியாது. சடையன் மாமா ஊர் திரும்பிவிட்டார். டயருக்குப் புகை போடும் யோசனையும் அவரோடு போயிற்று.

என் சைக்கிளுக்குப் போன மாதம் பின்டயர் மாற்ற வேண்டியிருந்தது. நூல் தெரிந்தது, அவ்வளவுதான். இன்னும் ஓடும் என்றுதான் அப்பா சொன்னார். இன்றும் அவர் மாறவில்லை. அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, என்னிடம் கேட்டாள்:

"புதுசு எங்க? கொண்டா."