பெப்பினோ வாசித்த பாதி

பெப்பினோ டால் கோர்சோ கரும்பு வெட்ட வட குயின்ஸ்லாந்துக்கு வந்தபோது அவனுக்கு இங்கிலீஷில் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் ஞாயிற்றுக்கிழமை, பித்தளைச் சத்தம் கேட்டு ஊர் பேண்டின் தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். பேண்டு மாஸ்டர் வால்ட்டர் ட்ரெகென்சா முகம் சிவக்க, "பியானோ! பியானோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். பெப்பினோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பி தூங்குகிறான், மாடிப்படியில் மெதுவாக நட என்று இத்தாலியில் அவன் அம்மா சொல்லும் சொல் அது. மெதுவாக என்பதைத் தொண்டை கிழியக் கத்துகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தான்.

நின்று கேட்டால் எல்லாமே அவன் வீட்டுச் சொற்கள். சீக்கிரம் என்பதற்குப் பிரெஸ்டோ, எல்லாரும் என்பதற்குத் தூத்தி, மறுபடி முதலிலிருந்து என்பதற்கு டா கபோ. இசைக்கு வேண்டும் என்று இங்கிலீஷ்காரர்கள் இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத சாமான்கள். வால்ட்டர் அவற்றை உச்சரித்த லட்சணத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. சொந்த ஊரில் யூஃபோனியம் ஊதியவன் அவன், மடியில் குழந்தையைப்போல் அணைத்து ஊதுகிற அந்தப் பெரிய பித்தளை வாத்தியம். இங்கே ஒன்று சும்மா கிடந்தது. எடுத்து ஊதிக் காட்டினான். அன்றே அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கரும்பு வெட்டும் கூட்டத்துக்கும் வால்ட்டர்தான் மேஸ்திரி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த பாஷை அந்தப் பாட்டுத் தாளில் இருந்ததுதான். அடி ஒட்ட வெட்டாவிட்டால் வால்ட்டர் "டா கபோ" என்பார். வெயில் ஏறுவதற்குள் வரிசை முடிய வேண்டுமென்றால் "பிரெஸ்டோ". காலப்போக்கில் அயர்லாந்துக்காரன் முதற்கொண்டு எல்லாருமே அந்தக் காட்டில் இப்படித்தான் பேசினார்கள். பெப்பினோ பின்னால் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, டெல்பினாவைக் கட்டிக்கொண்டான். பிள்ளை இல்லை. அந்தக் குறைக்கு வால்ட்டரின் மகன் டேவி வந்து சேர்ந்தான். பேண்டில் கார்னெட் என்கிற சின்ன ஊதுகொம்பு ஊதுகிற பையன், பயிற்சி முடிந்ததும் நேரே டெல்பினாவின் சோளக்களிக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். அவனும் பெப்பினோவும் சேர்ந்து வாசிக்க ஒரு பாட்டு இருந்தது. கார்னெட் கேள்வி கேட்கும், யூஃபோனியம் பதில் சொல்லும். ஊர்த் திருவிழாவில் அதைக் கேட்காமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

அந்தப் பேண்டுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. பேண்டுக்காரன் வீட்டில் சாவு விழுந்தால் கல்லறை வரைக்கும் பேண்டு முன்னால் போகும். செத்தது பேண்டுக்காரனே என்றால் அவனுடைய நாற்காலியில் அவன் வாத்தியத்தை வைத்து, அவன் பங்கை யாரும் ஊதாமல் விட்டுவிடுவார்கள். அந்த இடம் வரும்போது பாட்டில் பள்ளம் விழும். அதுதான் மரியாதை.

பிறகு யுத்தம் வந்தது. இத்தாலி எதிரிப் பக்கம் சேர்ந்த வாரமே, கசாப்புக் கடை ஹார்டிகன் பேண்டுக் கமிட்டியைக் கூட்டினான். எதிரி பாஷை நம் பாட்டில் எதற்கு என்றான். நீலப் பென்சிலால் எல்லாத் தாள்களிலும் அந்தச் சொற்களை அடித்து, மேலே இங்கிலீஷில் எழுதச் சொன்னான். அடித்தது வேறு யாருமில்லை, வால்ட்டர்தான். பெப்பினோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதைதான். கொஞ்ச நாளில் போலீஸ் லாரி வந்து பெப்பினோவைத் தெற்கே, வெகுதூரத்து முகாமுக்குக் கொண்டுபோனது. என்ன குற்றம் செய்தான் என்று கேட்காதீர்கள், கேட்டவர்களுக்கே பதில் கிடைக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் டெல்பினா காய்ச்சலில் போய்விட்டாள். பேண்டு போகவில்லை. கொட்டகைச் சாவி வால்ட்டரிடம் இருந்தது. மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். சேதி முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பெப்பினோ சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கம்பி வேலி ஓரம் உட்கார்ந்தான். அவனை அழவிடாமல் தடுக்க அங்கே யாருமில்லை.

விடுதலையாகி வந்தவன் நிலமுண்டு தானுண்டு என்று இருந்தான். பேண்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருஷக் கடைசியில்தான் டேவியின் சேதி ஊருக்கு வந்தது. பட்டாளத்துக்குப் போய்ப் பாலைவனச் சண்டையில் பிடிபட்டவன், இத்தாலியில் சிறை முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தான். உடம்புகூட வராது. ஒரு சாயங்காலம் வால்ட்டர் பெப்பினோ வீட்டு வாசலில் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல டேவிக்கு நினைவுக் கூட்டம். அவனோட பாட்டை வாசிக்கப் போறோம்."

"வேற யாரையாவது ஊதச் சொல்லுங்க மாஸ்டர்."

"அவன் பங்குதான் சும்மா இருக்கும். பதில் சொல்றவன் நீதானேய்யா. வேற எவன் ஊதினாலும் அவனுக்குச் சொன்ன பதிலாகுமா?"

பெப்பினோ அவரை உட்காரச் சொல்லவில்லை. "டெல்பினாவுக்கு யாரு ஊதினா?" என்று கேட்டான். "மழையில நாலு பொம்பளைங்க தூக்கிட்டுப் போனாங்களாம். எங்க பாஷையில ஜெபம் சொல்லப் பயந்து வாய்க்குள்ளயே முணுமுணுத்தாங்களாம்."

"சாவி என் பாக்கெட்லதான் இருந்துச்சு. பயந்துட்டேன் பெப்பி. வேற சாக்கு ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

வால்ட்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் போனபிறகு பெப்பினோ, டெல்பினா களி கிண்டிய சட்டியை வெறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வால்ட்டர்மேல் அவனுக்கு ஆத்திரம் தீரவில்லை, தீரவும் தீராது. ஆனால் பையன் என்ன பாவம் செய்தான்? டெல்பினா இருந்தால், போய்யா, என் பிள்ளைக்கு ஊதாமல் இங்கே என்ன செய்கிறாய் என்று துரத்தியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போனான். டேவியின் நாற்காலியில் கார்னெட் இருந்தது. பெப்பினோவின் தாளில் நீலக் கோடுகள் அப்படியே இருந்தன. பாட்டு ஆரம்பித்தது. கேள்வி வரவேண்டிய இடத்தில் பள்ளம். அதற்குப் பிறகு இவன் பதில். மறுபடி பள்ளம், மறுபடி பதில். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவன் நெஞ்சு வலித்தது. முன் வரிசையில் ஹார்டிகன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசிச் சுரம் அடங்கியதும் எல்லாரும் வாத்தியத்தை இறக்கினார்கள். வால்ட்டரின் கோல் மட்டும் இறங்கவில்லை.

"டா கபோ" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ வருஷம். ஹார்டிகன் எழுந்து, இது முறையில்லை, ஒரு தரம்தான் வழக்கம் என்றான். வால்ட்டர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒண்ணு என் பையனுக்கு. இது டெல்பினாவுக்கு. அன்னைக்கே வாசிச்சிருக்கணும்."

பெப்பினோ யூஃபோனியத்தைத் தூக்கினான். உதட்டை வைத்தான். ஊதினான், சுரம் எழும்பவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. அதை மடியில் இறக்கி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டான். வால்ட்டர் பார்த்தார். அவனுக்காக நிறுத்தவுமில்லை, வேறு ஆளைக் கைகாட்டவுமில்லை. கேள்வியும் இல்லாமல் பதிலும் இல்லாமல், இரண்டு பேருடைய இடத்தையும் காலியாக விட்டு, மற்றவர்கள் மெதுவாகக் கடைசி வரைக்கும் வாசித்தார்கள்.